பற்றரி மாற்றிய பிறகு கார் ரிமோட் வேலை செய்யவில்லையா? வீடா, மணிக்கூட்டுக் கடையா, திறப்பு வெட்டுகிறவரா, கொழும்பா?

போன நவம்பர் மழையில் திருகோணமலை நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் நிறுத்தியிருந்த எங்கள் வாகன் ஆர் கார், ரிமோட்டை எத்தனை தடவை அழுத்தியும் திறக்கவில்லை. அன்று காலைதான் அதற்குப் புதுப் பற்றரி போட்டிருந்தேன். பழைய பற்றரி இருந்தபோது கிட்டப் போனாலாவது கதவு திறந்தது. தொலைபேசியில் கேட்டபோது மைத்துனர் "புரோகிராம் அழிஞ்சு போச்சு, திறப்பு வெட்டுறவரிட்ட கொண்டு போங்க" என்றார். உவர்மலை நண்பரோ கார் நிறுவனத்தின் கொழும்பு ஏஜென்ட்டிடம்தான் போகவேண்டும் என்றார். இரண்டுமே தேவைப்படவில்லை.

பற்றரியைக் கழற்றினால் ரிமோட் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான ரிமோட்டுகளில் அப்படி நடப்பதில்லை. காருக்கும் ரிமோட்டுக்கும் இடையிலான இரகசிய எண், மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. ஆகவே நேற்று வரை வேலை செய்த ரிமோட் பற்றரி மாற்றியதும் நின்றால், நம் கை பட்ட இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான்கு வழிகளில் வீட்டு மேசையை முதலில் வைப்பது அதனால்தான்.

வீட்டில் பார்க்க நிறைய இருக்கிறது. பற்றரி தலைகீழாக இருக்கிறதா, மேலே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பற்றரியில் உள்ள இலக்கம். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. 2025 அதே விட்டம்தான், தடிப்பு 2.5 மட்டும். அந்த 0.7 மில்லிமீற்றர் இடைவெளியில் தகடு தொட்டும் தொடாமலும் நிற்கும். எல்ஐஆர் என்று தொடங்குபவை சார்ஜ் செய்யும் வகை. வோல்ட் அதிகம் என்பதால் அவற்றைப் போடவே கூடாது. குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சுப் பூசிய பற்றரிகளும் வருகின்றன. நல்ல நோக்கம்தான், ஆனால் சில ரிமோட்டுகளில் அந்தப் பூச்சே மின் தொடுகையைத் தடுக்கும்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு, கடற்காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து தொடுகைத் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படியும். ஐசோபுரோபைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள். என் ரிமோட்டில் நடந்தது வேறு. பழைய பற்றரியை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தபோது ஓரத் தகட்டை மடக்கிவிட்டிருந்தேன். ஊசி முனையால் மெதுவாக உயர்த்தினேன், சரியாகிவிட்டது.

திறப்போடு சேர்ந்த பழைய வகை ரிமோட் என்றால் மேசையையும் நிலத்தையும் ஒரு தடவை தேடுங்கள். சில கூடுகளில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சிப் தனியாக, அரிசி மணி போலவோ சிறு கறுப்புக் கட்டி போலவோ இருக்கும். திறக்கும்போது அது விழுந்துவிட்டால், கதவு திறந்தாலும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

மணிக்கூட்டுக் கடை இரண்டாவது. அங்கே வோல்ட் அளக்கும் மீற்றர் இருக்கும், பற்றரியும் அடிக்கடி விற்றுப் புதிதாக வரும். புதிய பற்றரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டவேண்டும். ஆனாலும் மீற்றரை மட்டும் நம்பாதீர்கள். நீண்ட நாள் தட்டில் கிடந்த பற்றரி சும்மா அளந்தால் 3 காட்டும், பொத்தானை அழுத்தியதும் சரிந்துவிடும். நல்ல நிறுவனத்தின் இன்னொரு பற்றரியைப் போட்டுப் பார்ப்பதே மலிவான, நம்பகமான சோதனை. ரிமோட்டின் சிறு விளக்கு எரிவதை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். மின்சாரம் வருகிறது என்பதை மட்டும் அது சொல்லும், காருக்கு ரேடியோ அலை போகிறதா என்பதைச் சொல்லாது.

இன்னொரு திறப்பு வீட்டில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. அது வேலை செய்தால் பழுது ரிமோட்டில். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் காரின் 12 வோல்ட் பற்றரியைப் பாருங்கள்.

திறப்பு வெட்டுகிறவரிடம் போவது இவ்வளவுக்கும் பிறகுதான். கேட்டதும் புதிய ரிமோட் எடுத்து நீட்டுகிறவரை விட, பழையது அலை அனுப்புகிறதா என்று கருவியில் காட்டுகிறவரை நம்புவேன். புதியது வாங்கவே வேண்டுமென்றால் அலைவரிசையைக் கேளுங்கள். ஜப்பானிலிருந்து நேரே வந்த வாகனங்களின் ரிமோட்டுகள் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ் அளவில் இயங்குபவை. இந்தியா, ஐரோப்பா பக்கத்து ரிமோட்டுகள் 433. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்கு மற்றது உதவாது. புதியதைக் காரில் பதியும்போது சில வாகனங்களில் பழைய திறப்புகள் எல்லாம் நீங்கிவிடும். ஆகவே வீட்டிலுள்ள எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

கொழும்பு ஏஜென்ட்? திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இருந்த ஒரே திறப்பும் தொலைந்துவிட்டால், அல்லது ரிமோட்டுக்குள் உள்ள மின்சுற்றுப் பலகையே உடைந்துவிட்டால் போகலாம். மற்றபடி ஒரு நாளையும் பெற்றோலையும் அதற்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. போவதாக முடிவெடுத்தால் வாகனப் பதிவுப் புத்தகம், அடையாள அட்டை, சேசிஸ் இலக்கம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு முதலில் தொலைபேசியில் கேளுங்கள். ஏஜென்ட் இறக்குமதி செய்யாத ஜப்பான் வாகனத்துக்கு அவர்களிடம் உதிரிப்பாகம் இல்லாமலும் போகலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதுவரை நடுவழியில் நிற்கத் தேவையில்லை. பொத்தானால் ஸ்டார்ட் செய்யும் கார்களின் ஸ்மார்ட் ரிமோட்டில் பக்கத்துச் சிறு பிடியைத் தள்ளினால் உள்ளிருந்து இரும்புத் திறப்பு வரும். சாரதிக் கதவை அதால் திறக்கலாம். சில வாகனங்களில் அலாரம் அடிக்கும், பயப்படாதீர்கள். பல கார்களில் பிரேக்கை மிதித்து, ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிறகு அழுத்தினால் போதும். ரிமோட்டுக்குள் இருக்கும் சிப்புக்குப் பற்றரி வேண்டாம், காரிடமிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொள்ளும். அன்று நிலாவெளியிலிருந்து வீட்டுக்கு நான் அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.