கஷாயச் சக்கை: எத்தனாலா, பாய்லரா?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் காலம். ஓமத் தீநீர் வடிக்க வாலை (காய்ச்சி வடிக்கும் கலம்) வேறு இருக்கிறது. கஷாயம் காய்ச்சும் எங்கள் சிறிய கூடத்தில், மிஞ்சும் சக்கையை எத்தனாலாக்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால் கணக்குப் பார்த்தபின், வெயிலில் உலர்த்திப் பாய்லரில் எரிக்கும் வழியையே எடுத்தோம்.

எத்தனாலுக்கும் நியாயம் உண்டு. அமுக்கராக் கிழங்குச் சக்கையில் மாவுச்சத்து தங்கும். ஏற்கெனவே வெந்திருப்பதால் நொதிகள் அதை எளிதில் சர்க்கரையாக்கும், அது புளித்தால் எத்தனால். தசமூலம் எனும் பத்து மூலிகைகளின் கட்டை வேர்கள் அப்படி மசியாது. அமிலமோ உயர் அழுத்த நீராவியோ கொண்டு முதலில் உடைக்க வேண்டும். கடுக்காய் கலந்திருந்தால் அதன் துவர்ப்புப் பொருளான டானின் நொதியையே முடக்கும்.

இவற்றையெல்லாம் சமாளித்தாலும் தண்ணீர் நம்மை விடாது. நொதித்த கரைசலில் எத்தனால் 4 சதவீதமாவது இல்லாவிட்டால் வடிக்கும் நீராவிச் செலவு கட்டாது என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. சக்கையிலிருந்து அதை எட்டுவதே பெரும்பாடு. சாதாரணமாக வடித்தால் எத்தனால் எடையில் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும், பெட்ரோலுக்கோ 99.5 வேண்டும். மிச்ச ஈரத்தை எடுக்க மூலக்கூறு சல்லடை தேவை. நம் வாலை எங்கே, அது எங்கே! உரிமம் வாங்கும் அலைச்சல் தனி.

பானிபட்டில் 2022இல் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலையின் திட்டமே ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர்தான். டன்னுக்கு 150 லிட்டர். அந்த எத்தனாலை எரித்தால் வரும் வெப்பம் சுமார் 3,200 மெகாஜூல். அதே டன் வைக்கோலை நேரே எரித்தால் 14,000 அளவில் கிடைக்கும். எத்தனால் வண்டி ஓட்டும், வைக்கோல் ஓட்டாது, உண்மைதான். எங்களுக்குத் தேவை வண்டியல்ல, கஷாயம் கொதிக்க நீராவி.

பாய்லர் வழியில் முற்றத்து வெயிலே தண்ணீரை எடுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சக்கை பூஞ்சை பிடிக்கும், அப்போது விறகுதான். சாம்பல் படிவதால் குழாய்களையும் அடிக்கடி சுரண்ட வேண்டியிருக்கிறது.

சாண எரிவாயுக் கலனில் சக்கையை ஈரமாகவே போடலாம், வாயுவும் தானே பிரியும். கட்டை வேர்களுக்கு அது ஒத்துவராது. இலைச் சக்கை மிகுந்த இடங்களில் அதுவே மேலாக இருக்கலாம். எங்களிடம் இலை குறைவு என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

ஒரே வகைக் கிழங்குச் சக்கை டன் கணக்கில் சேர்பவர்கள், பக்கத்தில் எத்தனால் ஆலை இருந்தால் விலை பேசிப் பார்க்கலாம். உலர்த்தாமல் லாரியில் ஏற்றினால் வாடகையில் பாதிக்கு மேல் தண்ணீருக்கே போகும்.