உபுண்டுவா, மின்ட்டா: இபி போய் வந்தால் எது எழுந்து நிற்கும்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. திருப்பூரில் நாங்கள் நடத்தும் ஜாப் ஒர்க் யூனிட்டின் ஆபீஸில் இருப்பதெல்லாம் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். டெலிவரி சலான், பில், மெயில், வாட்ஸ்அப் வெப், இதற்கு மேல் அவற்றுக்கு வேலை கிடையாது. நல்லா ஓடுகிற மெஷினை எடைக்குப் போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் என்று முடிவான பிறகு, அதன் வகைகளில் உபுண்டு 24.04-ஆ, லினக்ஸ் மின்ட் 22-ஆ என்பதுதான் பாக்கி. நாங்கள் போட்டது மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. ஆகவே இந்த அலசல் மின்ட் பக்கம் சாயும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

மின்ட் 22 என்பதே உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டதுதான். இரண்டுக்கும் 2029 வரை அப்டேட் வரும். பனியன் துணிக் கணக்கில் சொன்னால், நூல் ஒன்றுதான், ஒன்றை சிங்கிள் ஜெர்சிப் பின்னலாக ஓட்டியிருக்கிறார்கள், இன்னொன்றை இன்டர்லாக் பின்னலாக. அதனால் வைஃபை எதில் கிடைக்கும், ஸ்கேனர் எதில் ஓடும் போன்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே பதில்தான். லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் உண்டு. பிரிண்டரை ஓட்டும் மென்பொருள் இரண்டிலும் கப்ஸ்தான். சலான் அடிக்கும் 9 பின் டாட் மேட்ரிக்ஸுக்கு அதிலேயே எப்சன் 9 பின் டிரைவர் இருக்கிறது. காகித அளவை மட்டும் உங்கள் சலானின் உயரத்துக்கு நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். ஏ4 என்று விட்டுவிட்டால் ஒவ்வொரு சலானுக்கும் பின்னால் ஒரு வெற்றுத்தாள் தள்ளிக்கொண்டு வரும். டேலி இரண்டிலும் நேரடியாக ஓடாது. அதற்கு ஒரு விண்டோஸ் புரோ மெஷினை வைத்துக்கொண்டு, மற்றவற்றிலிருந்து ரெம்மினா என்ற செயலி வழியாக ரிமோட்டில் போவதுதான் தலைவலி இல்லாத வழி.

உபுண்டுவுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடலாம். தமிழ் தட்டச்சு அதில் சுலபம். செட்டிங்ஸில் கீபோர்டு பக்கம் போய்த் தமிழைச் சேர்த்து, தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மின்ட்டில் இன்புட் மெத்தட் என்ற தனிக் கருவியைத் திறந்து, தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் என்ற மென்பொருள் பொதிகளைப் போட்டு, ஒருமுறை லாக் அவுட் செய்து வரவேண்டும். அதில் சிரமம் ஒன்றும் இல்லை, ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இன்னொன்று, உபுண்டு என்ற பெயர் பிள்ளைகளுக்குப் பழக்கம். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடப்புத்தகத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவும் வருகிறது. வேலைக்குச் சேரும் பெண்ணிடம் "உபுண்டு" என்றால் கேள்விப்பட்டிருப்பார், "மின்ட்" என்றால் மிட்டாயா என்று பார்ப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸுக்கு முடிவைச் செய்தது அழகோ வேகமோ இல்லை, கரண்ட்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் முந்தின நாளே போட்டுவிடுகிறார்கள், அதில் பிரச்சினை இல்லை. சொல்லாமல் போவதுதான் சிக்கல். இபி போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில், யுபிஎஸ் பேட்டரி தளர்ந்திருந்தால் ஆபீஸ் மெஷின் பொட்டென்று அணையும். வெறுமனே சலான் அடித்துக்கொண்டிருக்கும்போது அணைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. லினக்ஸ் வட்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் அதைத் தாங்கும்படி எழுதப்பட்டதுதான். அப்டேட் நடுவில் அணைந்தால்தான் வினை. அதிலும் சிஸ்டத்தின் மையமான கெர்னலின் அப்டேட் என்றால், புதுக் கெர்னல் வந்து உட்கார்ந்திருக்கும், அது எழுந்திருக்கத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் உருவாகி முடிந்திருக்காது. மறுபடி ஆன் செய்தால் ரூட் ஃபைல் சிஸ்டத்தை (சிஸ்டம் இருக்கும் வட்டுப் பகுதியை) மவுன்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லிக் கருப்புத் திரையில் நின்றுவிடும்.

இதில் உபுண்டுவும் மின்ட்டும் பிரியும் இடம் இதுதான். உபுண்டு, பாதுகாப்பு அப்டேட்டுகளைக் கேட்காமலேயே பின்னணியில் போட்டுக்கொள்ளும்படி அமைக்கப்பட்டு வருகிறது. கெர்னலும் அதில் சேரும். அது எப்போது நடக்கிறது என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அதோடு, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் ஸ்னாப் என்ற பொதி வகை வேறு. 24.04-இல் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு இரண்டுமே ஸ்னாப்பாக வருகின்றன, அவை தங்கள் பாட்டுக்கு நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்கும். மின்ட்டில் தானாகப் போடும் வசதி உண்டு, ஆனால் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பேனலில் கேடயப் படம் ஒன்று இருக்கும், அப்டேட் இருந்தால் அதில் ஒரு புள்ளி விழும். நாம் கிளிக் செய்தால்தான் வேலை தொடங்கும். எங்கள் ஆபீஸில் சாயங்காலம் கணக்கு முடித்த பிறகு, ஜெனரேட்டர் ஓடாத நேரமாகப் பார்த்துத்தான் அதைத் தொடுவது. ஸ்னாப்பும் மின்ட்டில் கிடையாது, 2020-இல் வந்த மின்ட் 20 முதலே அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் பழைய மாதிரி டெப் பொதியாகவே வருகிறது.

உபுண்டுவிலும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தலாம். ஸ்னாப்பையும் பிடித்து வைக்க வழி இருக்கிறது. பொதுவாகப் பார்த்தால் தானாகப் போடுவதுதான் பாதுகாப்புக்கு நல்லது, அதையும் மறுக்கவில்லை. நல்ல யுபிஎஸ் இருக்கும் இடத்திலும், லேப்டாப்பிலும் நான் அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். எங்கள் மாதிரி இடத்துக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

இனி, விழுந்த மெஷினை எழுப்புவது. கணக்குப் பார்க்கும் பெண் போனில் கூப்பிட்டு, "ஏனுங்கண்ணா, கருப்பா வந்து நின்னுக்கிச்சுங், வெள்ளை எழுத்தா இருக்குதுங்" என்றால், முதல் வைத்தியம் இரண்டிலும் ஒன்றேதான். "அம்மிணி, ஆஃப் பண்ணிட்டு, ஷிஃப்ட்டை அமுக்கிட்டே ஆன் பண்ணு." பழைய பயாஸ் மெஷினுக்கு ஷிஃப்ட், யுஇஎஃப்ஐ என்ற புது முறை என்றால் எஸ்கேப். எதில் பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், இரண்டாவதாக இருக்கும் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் மெஷின் எழுந்துவிடும். அப்புறம் டெர்மினலில் sudo dpkg --configure -a என்று கொடுத்து, பாதியில் நின்ற வேலையை முடிக்க வேண்டும். போனில் "ஹைபன், இன்னொரு ஹைபன், இடம் விடாதே" என்று சொல்வது தனிக் கலை.

இதற்கும் எழவில்லை என்றால் என்ன செய்வது? மின்ட்டுக்கு அதிக மதிப்பெண் போட்டது இந்த இடத்தில்தான். சிஸ்டத்தின் நிலையை ஸ்னாப்ஷாட்டாகப் பதிந்து வைத்து, வேண்டும்போது பழையபடி மீட்டுத் தரும் டைம்ஷிஃப்ட் மின்ட்டோடு கூடவே வருகிறது, 2022 முதல் அதைப் பராமரிப்பதே மின்ட்காரர்கள்தான். இன்ஸ்டால் செய்து முதல்முறை திறந்ததும் வரவேற்புத் திரையிலேயே அதை அமைக்கச் சொல்கிறது, அமைக்காவிட்டால் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் என்ற கருவி நச்சரிக்கிறது. உபுண்டுவிலும் டைம்ஷிஃப்ட்டைப் போட்டுக்கொள்ளலாம், ஒரே கட்டளைதான். ஆனால் மெஷின் எழாத அன்றைக்குக் கையில் இருப்பது பென்டிரைவ் மட்டும்தானே? மின்ட் பென்டிரைவில் பூட் செய்தால் அதற்குள்ளேயே டைம்ஷிஃப்ட் இருக்கிறது. திறந்து, வட்டைக் காட்டி, நேற்றைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுத்தால் போதும். உபுண்டு பென்டிரைவில் அது கிடையாது, முதலில் நெட் கிடைத்து, அதை இறக்கி, அப்புறம்தான் வேலை.

டைம்ஷிஃப்ட்டை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. நாமாக மாற்றாதவரை அது சிஸ்டத்தை மட்டும்தான் எடுக்கும், ஹோம் ஃபோல்டரைத் தொடாது. பில்லும் சலானும் அதில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும். விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ் வட்டில் ஸ்னாப்ஷாட்டை வைக்க முடியாது, எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் வேண்டும். புது எஸ்எஸ்டி போடும்போது கழற்றிய பழைய ஹார்டுடிஸ்க்கை எக்ஸ்ட்4-ஆக மாற்றி அதே மெஷினுக்குள் இரண்டாவது வட்டாக மாட்டிவிடுங்கள், அதற்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. முதல் ஸ்னாப்ஷாட் பெரிதாக இருக்கும், அடுத்தடுத்தவை மாறிய ஃபைலை மட்டும்தான் சேர்க்கும். ஆனாலும் எண்ணிக்கையைக் குறைத்து வையுங்கள், தினசரி இரண்டு, வாராந்திரம் ஒன்று போதும். சின்ன வட்டில் நிறைய வைத்தால் ரூட் நிரம்பி, பாஸ்வேர்டு அடித்தும் உள்ளே போகாமல் லாகின் திரைக்கே திரும்பித் திரும்பி வரும். பலர் டெஸ்க்டாப் கெட்டுவிட்டது என்று திரும்ப இன்ஸ்டால் செய்வது இந்தக் கோளாறுக்குத்தான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அமுக்கி எழுத்துத் திரைக்குப் போய், வட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மின்ட்டுக்குள்ளேயே எந்த டெஸ்க்டாப், சினமனா, எக்ஸ்எஃப்சிஇயா? 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன். பார்க்க விண்டோஸ் மாதிரி இருக்கும், உறைந்துபோனால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் அமுக்கினால் திறந்திருக்கும் ஜன்னல்கள் அப்படியே இருக்க, டெஸ்க்டாப் மட்டும் புதிதாக எழும். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அதே மூன்று பட்டன் எக்ஸ்எஃப்சிஇயில் வேறு காரியம் செய்யும். கர்சர் பெருக்கல் குறியாக மாறும், அதோடு எந்த ஜன்னலைக் கிளிக் செய்கிறோமோ அது செத்துவிடும். சேமிக்காத கணக்குத் திறந்திருக்கும்போது பழக்கதோஷத்தில் அமுக்கிவிடக் கூடாது.

என்விடியா கார்டு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் மெஷின் எதிலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, பிரின்டிங் டிசைன் வேலைக்கு அது வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். திரையில் ஜன்னல்களைக் காட்டும் புது முறையான வேலேண்டிலும் நான் அதிகம் புழங்கியதில்லை. ஆனால் டச் ஸ்கிரீன், அதிக ரெசல்யூஷன் திரை உள்ள புது லேப்டாப்புக்கு உபுண்டுவின் குனோம் டெஸ்க்டாப்தான் பொருந்தும் என்பதே என் எண்ணம். தனிப்பட்ட உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை உபுண்டு புரோ இலவசம், அதில் பத்து வருஷம் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். கோயம்புத்தூர் காலேஜ் ஒன்றில் சேரப்போகும் மச்சான் மகனுக்கு லேப்டாப் வாங்கும்போது நானே உபுண்டுதான் போட்டுக் கொடுப்பேன், அதற்குத்தான் பேட்டரி இருக்கிறதே. ஆபீஸ் மெஷினுக்கு மின்ட், கூடவே யுபிஎஸ்ஸுக்கு ஒரு புது பேட்டரி. எஸ்எஸ்டி வாங்கும் அன்றைக்கே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.