பர்மிங்காமில் சேம்பர்லின் நடை: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், அதன் மேயராக இருந்த பிரிட்டிஷ் அரசியல்வாதி ஜோசப் சேம்பர்லினின் வாழ்க்கைச் சுவடுகளை வழிகாட்டியுடன் நடந்து பார்க்கும் சுற்றுலா ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். வெளியுறவு அமைச்சராகி, 1925-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசைப் பெற்ற ஆஸ்டினுக்கும், 1937-இல் பிரதமரான நெவிலுக்கும் தந்தை அவர். அந்தக் குடும்பத்தின் அரசியலுக்குப் பணம் தந்தது திருகாணித் தொழில் என்பதால், அத்தொழிலுக்குச் சுற்றுலா எவ்வளவு இடம் தருகிறது என்றே முதலில் கவனித்தேன்.

நடை சேம்பர்லின் சதுக்கத்தில் தொடங்குகிறது. 1880-இல் எழுப்பப்பட்ட நினைவு நீரூற்றில் உள்ள அவருடைய உருவப் பதக்கத்தையும் வெனிஸ் பாணி மொசைக் வேலைப்பாட்டையும் வழிகாட்டி நிதானமாக விளக்கினார். 1873 முதல் 1876 வரை சேம்பர்லின் மேயராக இருந்த காலத்தை அவர் சொன்ன விதம் அருமை. இரு எரிவாயு நிறுவனங்களையும் நகராட்சி வாங்கி, முதல் ஆண்டிலேயே 34,000 பவுண்டு இலாபம் ஈட்டியதையும், குடிநீரை மட்டும் இலாபம் பார்க்காமல் வழங்க வேண்டும் என்று சேம்பர்லின் வாதாடியதையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியபோது, கணக்குப் புத்தகத்தோடு நகராட்சிக்குள் நுழைந்த ஒரு முதலாளியின் மனம் துலக்கமாகத் தெரிந்தது. கார்ப்பரேஷன் வீதியில், குடிசைப் பகுதி இடிக்கப்பட்டதைச் சொன்னவர், அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைகளுக்குப் போதிய வீடுகள் கட்டித் தரப்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்தச் சுற்றுலாவைப் பாராட்டலாம்.

ஆனால் தொழிற்சாலை ஆண்டுகள் இரண்டே வாக்கியங்களில் முடிந்துவிட்டன. இது பெருங்குறை. முனை மழுங்கிய பழைய திருகாணிக்கு முன்கூட்டியே துளையிட வேண்டும். கூர்முனைத் திருகாணிக்கு அந்தச் சிரமம் பெருமளவு குறையும். அதைச் செய்யும் அமெரிக்க இயந்திரத்தின் உரிமையை வாங்கிய மாமா நெட்டில்ஃபோல்டின் தொழிலில் சேம்பர்லினின் தந்தையும் பணம் போட்டார். அந்த முதலீட்டைக் கவனித்துக்கொள்ளவே 1854-இல், பதினெட்டு வயதில், சேம்பர்லின் லண்டனிலிருந்து இங்கு அனுப்பப்பட்டார். காலப்போக்கில் இங்கிலாந்தில் உற்பத்தியான உலோகத் திருகாணிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த நிறுவனத்தினுடையதாயிற்று. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 1911 வரை சம்பளமே இல்லாத நாட்டில், 1874-இல் தொழிலை விட்டு விலகி முழுநேர அரசியலில் இறங்க அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பணம்தான். பின்னாளில் சொத்து குறையத் தொடங்கியபோது, அதை மீட்கவே நெவிலைப் பஹாமாஸ் தீவுகளுக்கு, கயிறு திரிக்க உதவும் சிசல் நார்த் தோட்டம் போட அனுப்பினார். அம்முயற்சி ஏறத்தாழ 50,000 பவுண்டு நட்டத்தில் முடிந்தது. இதை வழிகாட்டி சொல்லவே இல்லை.

தென்னாப்பிரிக்கப் போரின்போது குடியேற்ற நாடுகளின் அமைச்சராக அவர் வகித்த பங்கையும் அவசரமாகவே கடந்தார்கள். குடியேற்ற நாடாக இருந்த மண்ணிலிருந்து போகும் நமக்கு அது உறுத்தும். பர்மிங்காமின் மோஸ்லி பகுதியில் அவர் வாழ்ந்த ஹைபரி மாளிகை இந்த நடையில் சேராது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். நகராட்சி வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தயங்காமல் பதிவு செய்யலாம். குடும்பத்தின் கதைக்காகப் போகிறவர்கள் திருகாணித் தொழிலைப் பற்றி முன்பே கொஞ்சம் படித்துக்கொண்டு, நீரூற்றின் அருகில் நிற்கும்போதே வழிகாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. கேள்விகளுக்கு அவர் பொறுமையாகப் பதில் சொல்கிறார்.