‘துங்கு’: 14 அடி லாரியோடு நாலரை ஆண்டு

லாரி வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “மாசம் எவ்வளவு கிடைக்கிறது?” இன்றைக்கும் அதையேதான் கேட்கிறார்கள். அப்போது தெரியாததால் சிரித்து மழுப்பினேன். இப்போது தெரியும், அதனால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் 17 ஆண்டுகள் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மேசை வேலை பார்த்தேன். லாரிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. ‘காலை 9 முதல் 12க்குள்’ என்று தட்டி அனுப்பிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவேன். அந்த மூன்று மணி நேரத்தில் ஓட்டுநர் எங்கே நிற்பார், எங்கே ஒதுங்குவார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 2021 மார்ச்சில், 43 வயதில், அந்த வேலையை விட்டேன். ஆட்குறைப்பு என்றெல்லாம் இல்லை. திரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். என் மனைவி இன்னும் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

தொழிலைப் பதிவு செய்வது இந்த ஊரில் மிகச் சுலபம். தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் தனி உரிமையாளராகப் பதிய ஓராண்டுக்கு 115 வெள்ளி, வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம். மெடிசேவ் என்ற கட்டாய மருத்துவச் சேமிப்பில் பாக்கி இருந்தால் மட்டும் அதை முதலில் கட்டச் சொல்வார்கள். உரிமத்துக்குத்தான் நாள் பிடித்தது. சுமையேற்றாத எடை 2,500 கிலோவைத் தாண்டினால் 3ஆம் வகுப்பு போதாது, 4ஆம் வகுப்பு வேண்டும். டெயில்கேட், அதாவது பின்னால் சரக்கை ஏற்றி இறக்கும் மேடை, பொருத்திய 14 அடி லாரி பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். இது தெரியாமல் முதலில் ஒரு லாரிக்கு முன்பணம் கொடுக்கப் போனேன். விற்பனையாளரே தடுத்து, “பாஸ், லைசென்ஸ் எந்த கிளாஸ்?” என்று கேட்டார். நல்ல மனுசன்.

நான் வாங்கியது 2015இல் பதிவான வண்டி. சிஓஇ, அதாவது வண்டியைச் சாலையில் ஓட்ட ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ், இன்னும் 4 ஆண்டு 3 மாதம் பாக்கி இருந்தது. பழைய லாரி வாங்குகிறவர்கள் இன்ஜின் சத்தத்தை உற்றுக் கேட்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். அதெல்லாம் சரி, ஆனால் இங்கே முதலில் எண்ண வேண்டியது மாதங்களை. நாம் வாங்குவது லாரியைவிட அதிகமாக, அது சாலையில் ஓட மிச்சமிருக்கும் மாதங்களைத்தான். என் மாதங்கள் 2025 ஆகஸ்டில் தீர்ந்தன. புது லாரியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் பழையதையே 5 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். கடைசி மூன்று மாத சிஓஇ ஏலத்தின் சராசரி விலையில் பாதியைக் கட்ட வேண்டும். எனக்கு வந்தது 33,000 வெள்ளி. 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது, 15ஆம் வயதில் வண்டி உடைக்கத்தான் போக வேண்டும். 33,000ஐ 60ஆல் வகுத்தால் 550. லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும், நான் காய்ச்சலில் படுத்தாலும், மாதம் 550 வெள்ளி கரைந்துகொண்டே இருக்கும். குளியலறைக் கண்ணாடியில் ‘550’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் அதை ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைத்திருந்தார்கள்.

வேலைக்கு வருவோம். முதல் ஆண்டு செயலி வழியாகக் கிடைத்ததையெல்லாம் எடுத்தேன்: வீடு மாற்றுகிறவர்களின் மெத்தை, அலுவலக நாற்காலிகள், ஒருமுறை கோயில் விழாவுக்கு 40 பெரிய பாத்திரங்கள். அப்புறம் மெல்ல மெல்ல நிரந்தர வாடிக்கையாளர்கள் அமைந்தார்கள். இப்போது வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றித் தேக்கா பக்கம் இறக்குகிறேன். மற்ற நாட்களில் துவாஸ், பெனோய் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து மளிகைச் சரக்கு.

வெங்காயம் ஏற்றுகிறவனுக்கு டெல்லிச் செய்தி வீட்டுச் செய்தி மாதிரி. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது நான் அதைத் தொலைக்காட்சியில் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே என் நடைகள் குறைந்தன. சரக்கு வேறு நாடுகளிலிருந்து வந்ததுதான். ஆனால் விலை ஏறியதால் கடைக்காரர்கள் 30 மூட்டை எடுத்த இடத்தில் 15 எடுத்தார்கள். அரை லாரி சரக்குக்கு யாரும் முழு நடைக் கூலி தர மாட்டார்கள். 2024 மே மாதம் தடை நீங்கும்வரை பர்னிச்சர் வேலையில்தான் ஓட்டினேன்.

அந்த பர்னிச்சர் வேலை ஒரு தனிக் கதை. ஓர் இறக்குமதியாளர், பெயர் வேண்டாம், 60 நாள் கடன் கேட்டார். நிரந்தர வேலை என்று சம்மதித்தேன். 60 நாள் 90 ஆனது. ஒருநாள் கிடங்குக்குப் போனால் ஷட்டரில் பூட்டு. எனக்கு வர வேண்டியது 6,840 வெள்ளி. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போனேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்கு என்பதால் வழக்கறிஞர் இல்லாமல் நானே பேசினேன். உத்தரவு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது. பணம் வரவில்லை, அந்த நிறுவனத்தில் எடுக்க எதுவும் மிச்சமில்லை. கையெழுத்தான டி.ஓ.க்களை (சரக்கு ஒப்படைப்புச் சீட்டுகளை) ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததற்கு மன்றத்தில் ஒரு பாராட்டு கிடைத்தது. 17 வருட மேசை வேலையின் பலன் அது ஒன்றுதான்.

இனி, காத்திருப்பு.

நகர மத்தியில் ஒரு கடைத்தொகுதி. சரக்கிறக்கும் தளம் நிலத்தடியில், மூன்று லாரிக்குத்தான் இடம். சரிவின் முகப்பில் ஒரு மலாய்க் காவலர் உட்கார்ந்திருப்பார். நான் கண்ணாடியை இறக்கினால் கையைக் காட்டி, “துங்கு டூலு, அபாங்” என்பார். கொஞ்சம் பொறுங்கள் அண்ணே என்று அர்த்தம். அந்தக் கொஞ்சம் ஒருநாள் 20 நிமிடம், ஒருநாள் ஒன்றரை மணி நேரம். சாலையோரம் நின்றால் அபராதம், சுற்றிவந்தால் டீசல். மறுபடி ஈஆர்பி எனும் சாலைக் கட்டண வளைவைக் கடந்தால் அதற்கும் காசு, அதுவும் என் வகை லாரிக்குக் காரைப்போல் ஒன்றரை மடங்கு. ஓட்டுவது எனக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. இடது தடத்தில் 60இல் போய்க்கொண்டே ஒலி 96.8 கேட்பது சுகமான வேலை. ஆளை உருக்குவது அந்தச் சரிவின் முகப்பு.

அங்கேதான் 2022 கடைசியில் டெயில்கேட் மாட்டிக்கொண்டது. பேலட்டில் 15 கிலோ நல்லெண்ணெய் டின்கள் 48. மேடையைப் பாதி இறக்கியபோது ‘டக்’கென்று ஒரு சத்தம். மேடை இடப்பக்கமாக இரண்டு விரல் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. கீழே பார்த்தால் ஹைட்ராலிக் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. மேலே 720 கிலோ. பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. பக்கத்து லாரியிலிருந்த சீன அங்கிள் ஒருவர், ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்தார். தன் வண்டியிலிருந்து காலி மரப் பேலட்டுகளை எடுத்து மேடைக்கடியில் ஒன்றின்மேல் ஒன்றாக முட்டுக் கொடுத்தார். பிறகு இருவருமாக டின்களை ஒவ்வொன்றாகக் கைமாற்றி இறக்கினோம். 40 நிமிடம். முடிந்ததும் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “டெயில்கேட் ஹோஸ், எவ்ரி இயர் சேஞ்ச்” என்றார். பழுதுக்கு 1,150 வெள்ளி ஆனது. அதிலிருந்து ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னால் ஹோஸை மாற்றிவிடுகிறேன். மெக்கானிக், தேவையில்லை, இன்னும் ஓடும் என்பார். நான் கேட்பதில்லை.

காத்திருப்புக்குக் காசு கேட்க எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. கூச்சம்தான். மேசையில் இருந்த காலத்தில் அப்படிக் கேட்டவர்களை நானே அலட்சியமாகப் பேசியிருக்கிறேன். 2023இல் பில்லின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: முதல் 45 நிமிடம் இலவசம், பிறகு ஒவ்வோர் அரை மணிக்கும் 20 வெள்ளி. ஒரு வாடிக்கையாளர் அன்றே விலகிவிட்டார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் அடுத்த மாதமே அவர்கள் கிடங்கில் என் சரக்கு முன்கூட்டியே பேலட்டில் ஏறி, பிளாஸ்டிக் சுற்றித் தயாராக நின்றது. 20 வெள்ளிக்கு அத்தனை சக்தி இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்குப் பதில். சுமாரான மாதத்தில் 7,500 வெள்ளி உள்ளே வரும். டீசல் 900. மேற்சொன்ன 550. காப்புறுதி மாதக் கணக்கில் 240. நிறுத்துமிடமும் ஈஆர்பியும் 350. பராமரிப்பு, டயர், பழுது எல்லாம் சேர்த்து 400. பாரம் அதிகமான நாட்களில் எங்கள் புளோக்கிலிருக்கும் நண்பர் ஒருவர் உதவிக்கு வருவார், நாளுக்கு 100 வீதம் அவருக்கு 600. மிச்சம் 4,460. பழைய வேலையில் சம்பளம் 4,100, அதன்மேல் முதலாளி கட்டிய மத்திய சேமநிதி 17 விழுக்காடு. கூட்டினால் 4,797. ஆக, இந்த நாலரை ஆண்டில் நான் கீழே இறங்கியிருக்கிறேன், ஏறவில்லை. மெடிசேவையும் கையிலிருந்துதான் கட்டுகிறேன். தீபாவளிக்கு முந்திய ஆறு வாரம் மட்டும் கணக்கே வேறு. அந்த ஆறு வாரத்துக்காகப் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

நிறுத்துமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுமையோடு சேர்த்து 5,000 கிலோவுக்கு மேல் போகும் லாரியை வீட்டுக்குக் கீழே விட முடியாது. கனரக வாகன நிறுத்துமிடத்தில் இடம் பிடித்து, அதற்கான சான்றிதழ் வைத்திருந்தால்தான் சாலை வரியையே புதுப்பிக்க முடியும். எனக்குக் கிடைத்த இடம் ஈசூன் வீட்டிலிருந்து சைக்கிளில் 12 நிமிடம். அதிகாலை 3.30க்கு அந்தச் சைக்கிள் பயணம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மழை நாட்களில் இல்லை.

திரும்ப மேசைக்குப் போவாயா என்று தம்பி கேட்டான். முதுகு கேட்டால் போவேன் என்றேன். 10 வயதைத் தாண்டிய லாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. முதல் சோதனை பிப்ரவரியில் வருகிறது. புகையில் தேறுமா என்பதுதான் இப்போதைய கவலை. இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்க மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன். இரண்டு நாள் என்றார், இன்று நான்காம் நாள். காலையில் தொலைபேசியில் அழைத்தேன். “கொஞ்சம் பொறுங்கண்ணே” என்கிறார்.