மூன்றரை வருடமாக ஒரே சவரக்கத்தி: பதம் காத்த அனுபவம்

2021 டிசம்பரில் பெங்களூரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடைத்தது. கறுத்த பிடி, அலகின் அடியில் சோலிங்கன் என்ற முத்திரை, 5/8 அங்குல அகலம். ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர் சோலிங்கன். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பொறித்துவிட முடியாதபடி 1938-லேயே அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். 1,400 ரூபாய் கொடுத்து வாங்கிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் சவரம் அதில்தான்.

அதற்கு முன்பு இணையத்தில் 600 ரூபாய்க்குப் புதுக் கத்தி ஒன்று வாங்கியிருந்தேன். ‘வாங்கிய அன்றே சவரம் செய்யலாம்’ என்று எழுதியிருந்தார்கள். கல்லில் வைத்துப் பார்த்தால் முதுகு, அதாவது அலகின் தடித்த பக்கம், நேராக இல்லை, ஒரு பக்கம் வளைந்திருந்தது. சவரக்கத்தியில் முதுகுதான் எல்லாம். கல்லில் முதுகும் வாயும் (வெட்டும் ஓரம்) சேர்ந்து படிய வேண்டும். முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து ஏறக்குறைய 16 டிகிரி கோணத்தைத் தாமே அமைத்துக் கொடுக்கும், நாம் கையால் கோணம் பிடிக்க வேண்டியதில்லை. முதுகு கோணலாக இருந்தால் அந்தக் கணக்கே கெட்டுவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் கத்தியைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து, ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சோலிங்கன் கத்திக்காக 1000, 4000, 8000 என்று மூன்று தீட்டுக்கல் வாங்கினேன். எண் ஏற ஏறக் கல் நைசாகும். 1000-ல் வாய் கட்ட வேண்டும், அதாவது கூருக்கு வடிவம் கொடுக்க வேண்டும், 4000-ல் அந்தக் கீறலைத் தேய்க்க வேண்டும், 8000-ல் மெருகு ஏற்ற வேண்டும். முதல் சவரம் நன்றாகவே இருந்தது. மூன்றாவது சவரத்தில் முடியை வெட்டாமல் இழுக்க ஆரம்பித்தது. திரும்பக் கல், திரும்ப இரண்டு நல்ல சவரம், திரும்ப இழுப்பு. முதல் நான்கு மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு முறை கல்லில் போடும்போதும் இரும்பு கொஞ்சம் போகிறது என்ற நினைப்பே மனசை உறுத்தியது.

காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா ஐம்பது வருடத்துக்கு மேல் சலூன் வைத்திருந்தவர். இப்போது எந்தச் சலூனுக்குப் போனாலும் பாதி பிளேடு மாட்டும் கத்திதான், ஆளுக்கொரு பிளேடு, அதுதான் பாதுகாப்பும்கூட. ஆனால் அவர் தீட்டும் கத்தியில் தொழில் கற்றவர். கத்தியை எடுத்துப் போய்க் காட்டினேன். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லுக்குப் பிறகு கத்தியைத் தீட்டும் தோல் பட்டையை, அதாவது வாரைப் பற்றித்தான் கேட்டார்.

“வாரை எப்படிப் புடிக்கிற கண்ணு, காட்டு” என்றார்.

கதவுக் கொக்கியில் மாட்டித் தீட்டிக் காட்டினேன். “தொங்குது பாரு. வார் தொங்குனா வாய் உருண்டுடும். நீ கல்லுல எடுத்த பதத்த வாருல கெடுக்கற” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. வார் குழிந்தால் தோல் அந்த வாயைச் சுற்றி மேலேறி அதை மழுக்கிவிடும். வாரை இழுத்துப் பிடித்து, கத்தியின் எடை மட்டும் படும்படி விட்டால் வளைந்த வாய் நிமிரும், ஒட்டியிருக்கும் அழுக்கும் நுண்ணிய துருவும் போகும். முதுகு முன்னே, வாய் பின்னே. கல்லில் இதற்கு நேர் எதிர், வாய் முன்னே போகும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். முதல் வாரத்திலேயே அவசரப்பட்டு வாய்ப் பக்கமாகத் திருப்பி, வாரில் ஓர் அங்குலத்துக்கு வெட்டுப் போட்டேன். அந்த இடத்தை ஒட்டி, நைசாகத் தேய்த்து இன்றுவரை அதையே வைத்திருக்கிறேன்.

இப்போது சவரத்துக்கு முன்பு துணி வாரில் 20 தரம், தோலில் 50 தரம். சரியாகப் படிந்தால் சத்தத்திலேயே தெரியும், சீராக ‘சர்... சர்...’ என்று வரும். கை நடுங்கினாலோ நுனி தூக்கினாலோ சத்தம் பாதியில் அறுந்துபோகும். கண்ணை விடக் காதைத்தான் நான் நம்புகிறேன். வேகம் தேவையே இல்லை.

வாரைச் சரி செய்த பிறகு ஒரு கல் வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலைந்து மாதம் ஓடுகிறது. இடையில் கொஞ்சம் இழுப்பது போல் இருந்தால், பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பூசிய இன்னொரு வாரில் பத்துத் தரம் விட்டால் போதும். அதில் உள்ள துகள் அரை மைக்ரான் அளவு. அதையும் அடிக்கடி செய்யக் கூடாது, வாய் மெல்ல உருண்டை கட்டிவிடும்.

கல்லிலும் ஒரு சிக்கல் வந்தது. 2023-ல் கத்தியின் குதிப் பக்கம், அதாவது பிடியை ஒட்டிய முனை, மட்டும் வெட்டவே இல்லை. வாயை ஒட்டி மின்னும் மெல்லிய பட்டையில் கறுப்பு மார்க்கர் பூசி, 8000 கல்லில் ஒரே ஒரு தரம் இழுத்தேன். நடுவிலும் நுனியிலும் மை போய்விட்டது, குதியில் அப்படியே இருந்தது. கல்லின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கல்லைச் சமப்படுத்த டைமண்ட் தகடு வாங்கச் சொல்வார்கள், விலை அதிகம். நம் மாவட்டத்தில் அதற்கு அவசியமே இல்லை. கிரானைட்டுக்குப் பேர்போன ஊர் இது. பாலிஷ் பட்டறை ஒன்றில் கேட்டதும் உடைந்த கறுப்புக் கல் துண்டு ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்கள், ஓர் அடிக்கு முக்கால் அடி இருக்கும். பாலிஷ் போட்ட முகம் நமக்குத் தேவையான அளவுக்குச் சமமானது. அதன் மேல் பெயின்ட்காரர்கள் பயன்படுத்தும் 320 வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, தீட்டுக்கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேய்த்தேன். ஓரத்துக் கோடுகள் முதலில் அழிந்தன, நடுவில் உள்ளவை கடைசிவரை நின்றன. எவ்வளவு குழிவு என்று அதிலேயே தெரிந்தது. எல்லாக் கோடும் அழிந்ததும் கல்லை நன்றாகக் கழுவிவிட்டு, திரும்ப மார்க்கர் பூசி இழுத்தேன். மை ஒரே சீராகப் போனது. இப்போது ஒவ்வொரு தடவை கல்லில் போடும் முன்பும் இந்த வேலையைச் செய்துவிடுகிறேன்.

அடுத்தது தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீர் ரொம்பவும் உப்பு. சோப்பு நுரை நிற்காது, கத்தியில் வெள்ளைப் புள்ளி விழும். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரில் ஒரு டம்ளர் சவரத்துக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். நுரை தயிர் மாதிரி நிற்கும். தாடியை மூன்று நிமிடம் வெந்நீரில் ஊற வைப்பதும் கத்திக்கு நல்லது. முடி இரும்பை விட ஐம்பது மடங்கு மென்மையாக இருந்தும் பிளேடின் வாயில் சில்லு பெயர்க்கும் என்று 2020-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது சாதாரண பிளேடை. என் கத்தியும் அதே தாடியைத்தான் வெட்டுகிறது, அதனால் ஊற வைப்பதைத் தவிர்ப்பதே இல்லை.

துருவால் பட்டது ஒரே ஒரு முறை. 2022 ஐப்பசி மழையில் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தேன், கத்தி குளியலறை அலமாரியிலேயே இருந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் வாயை ஒட்டி டீ நிறத்தில் மூன்று புள்ளி. இரண்டு மேலோடு போய்விட்டன. மூன்றாவது வாயிலேயே குழி பறித்திருந்தது. திரும்ப 1000 கல்லில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று, அரை நாள் வேலை. கார்பன் இரும்புக்கு ஈரம் ஆகவே ஆகாது. அப்புறம் கத்தியைக் குளியலறையில் வைப்பதில்லை. சவரம் முடிந்ததும் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, துணி வாரில் பத்துத் தரம் விட்டு, பிடியின் இடுக்கு காயும்வரை விரித்து வைக்கிறேன். வெளியூர் போவதானால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தேன், நாள்பட்டால் பிசுபிசுக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் எந்தக் கல் வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கல்லுக்கு அப்புறம் வரலாம். தீட்டத் தெரிந்த ஒருவரிடம் முதல் பதத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நல்ல வாரும் ஒரு துணியும் வைத்து ஆறு மாதம் ஓட்டுங்கள். என் மூன்று கல்லுக்கான 5,000 ரூபாயை நான் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கலாம்.

இந்தப் பொங்கலுக்குத் தாத்தாவைப் பார்க்கப் போனபோது கத்தியைக் கொண்டுபோனேன். வாயின் குறுக்கே கட்டைவிரல் சதையை மெதுவாக வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி அந்த மெல்லிய பட்டையைக் கவனித்தார்.

“நுனிகிட்ட பட்டை அகலமா இருக்குது. அங்க அமுக்கறயா?”

“தெரியலைங்க தாத்தா.”

“அமுக்கற. மணிக்கட்ட விடு, தோள்ல இருந்து இழு.”

இப்போது அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.