டீசல் காருக்குள் சீக்கிரம் சூடு வர: ஏழு குளிர்கால அனுபவம்

தெற்கு ஜெர்மனியின் ஆல்கொய் மலையடிவாரத்தில், கெம்ப்டன் நகருக்கு வெளியே, ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிற்றூரின் மேட்டுப் பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. காருக்குக் கூரை கிடையாது. இரவெல்லாம் வெட்டவெளியில்தான் நிற்கும். எங்களைப் போன்றவர்களைத் தெருவிளக்கடியில் கார் நிறுத்துபவர்கள் என்று பொருள்படும் ஒரு சொல்லால் இங்கே கேலியாகக் குறிப்பிடுவார்கள். ஜனவரி காலைகளில் மைனஸ் 8, மைனஸ் 10 என்பது இங்கு வழக்கமானது. 2018 பிப்ரவரி கடைசி வாரத்தில் ஐரோப்பாவைப் பிடித்த குளிர் அலையின்போது எங்கள் முற்றத்தில் மைனஸ் 17 வரை பார்த்தேன். 2017 இலையுதிர்காலத்தில் வாங்கிய, 2012 மாடல், 2 லிட்டர் டீசல் இன்ஜின் கொண்ட, ஏழு பேர் அமரக்கூடிய பழைய கார் ஒன்றை இந்தக் குளிரில் ஏழு பருவம் ஓட்டியதில், கேபினுக்குள் சூட்டை விரைவாக வரவழைக்க எவை உதவின, எவை பணத்தைத்தான் தின்றன என்பதை இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் கார் ஓட்டிய காலத்தில் ஹீட்டர் திருகியின் சிவப்புப் பக்கத்தை ஒரே ஒரு முறைதான் திருப்பியிருக்கிறேன். சித்திரை வெயிலில் இன்ஜின் கொதிக்கத் தொடங்கியபோது, ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாகப் போட்டு மெதுவாக ஓட்டி வரும்படி மெக்கானிக் தொலைபேசியில் சொன்னார். அன்று காலில் அனலாய் அடித்த காற்று கற்றுக்கொடுத்த பாடம் இங்கே தலைகீழாகப் பயன்பட்டது. ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர்; இன்ஜின் தனக்கு வேண்டாமென்று கழிக்கும் வெப்பத்தைத்தான் அது நமக்குத் தருகிறது. டீசல் இன்ஜின் கழிப்பது குறைவு. பெட்ரோலைவிடச் சிக்கனமாக எரிப்பதும், சுமையில்லாத நேரத்தில் மிகக் குறைந்த டீசலை எரித்துக்கொண்டே தேவைக்கு மேலான குளிர்ந்த காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளுவதும் அதன் இயல்பு. எந்தக் குணத்துக்காக டீசல் காரை வாங்குகிறோமோ, அதே குணம்தான் காலையில் நம் விரல்களை விறைக்க வைக்கிறது.

முதல் குளிர்காலத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இன்ஜினை ஓடவிட்டு, நான் வெளியே நின்று கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பிறகு காரின் கணினித் தரவைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை வாங்கிச் செருகி, கூலன்ட்டின், அதாவது இன்ஜினையும் ஹீட்டரையும் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவத்தின், வெப்பநிலையைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கியபோதுதான் இது எவ்வளவு வீண் வேலை என்பது விளங்கியது. மைனஸ் 9 டிகிரியில் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடிய பிறகு கூலன்ட் 26 டிகிரியில்தான் இருந்தது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. அந்தக் கால் மணி நேரத்தில் என் கார் எரித்தது 200 மில்லிலிட்டர், அதாவது 2 கிலோவாட் மணி. அதில் பாதி புகையோடு போய்விட்டதாக வைத்துக்கொண்டால், மிஞ்சியது இன்ஜினின் இரும்பையும் அலுமினியத்தையும் எட்டு லிட்டர் கூலன்ட்டையும் முப்பத்தைந்து டிகிரி உயர்த்தவே சரியாகப் போய்விடும். நமக்கென்று எதுவும் இல்லை. மேலும், தேவையின்றி இன்ஜினை ஓடவிடுவது ஜெர்மன் போக்குவரத்து விதிகளின்படி குற்றம். அபராதம் 80 யூரோ. கண்ணாடியில் முகம் அளவுக்கு ஒரு துவாரம் மட்டும் சுரண்டிக்கொண்டு கிளம்புவதற்கும் அபராதம் உண்டு, 10 யூரோ. ஆகவே, முழுக் கண்ணாடியையும் கையால் சுரண்டிவிட்டு, ஏறியவுடன் இன்ஜினைக் கிளப்பி, அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுவதுதான் எந்தச் சாதனமும் இல்லாதவருக்கு உள்ள ஒரே நல்ல வழி.

நகர்ந்தாலும் இன்ஜினுக்கு வேலை இருக்க வேண்டும். எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் பள்ளத்தாக்குச் சாலையின் முதல் இரண்டரைக் கிலோமீட்டர் முழுக்க இறக்கம். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் டீசல் பாய்ச்சுவதே நின்றுவிடுகிறது. இன்ஜின் சுற்றுகிறதே தவிர எரிவதில்லை. கீழே பாலத்தை எட்டும்போது கூலன்ட் 20 டிகிரியைக்கூடத் தொட்டிருக்காது. அதே அலுவலகத்துக்கு மேட்டின் முதுகு வழியாகப் போகும் இன்னொரு சாலை ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல். ஆனால் தொடக்கத்திலேயே நல்ல ஏற்றம். அந்த வழியில், மூன்றாவது கியரில் 2000 சுற்றை ஒட்டி, இன்ஜினை வதைக்காமல் ஏறினால் ஐந்தாவது நிமிடத்தில் 45 டிகிரி வந்துவிடும். வென்டில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். மைனஸ் 5-க்குக் கீழே போகும் நாள்களில் இன்றும் நான் மேட்டு வழியில்தான் போகிறேன்.

ப்ளோயர் விஷயத்தில் பலரும் அவசரப்படுகிறார்கள். கூலன்ட் குளிர்ந்திருக்கும்போது விசிறியை நான்கில் வைத்தால், சேர்கிற சொற்ப வெப்பத்தையும் காற்று அவ்வப்போதே உருவிக்கொண்டு போகும். நமக்குக் கிடைப்பதோ முகத்தில் அடிக்கும் குளிர்காற்றுதான். முதல் மூன்று நிமிடம் ப்ளோயரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி ஒன்றில் வைத்துவிட்டு, 40 டிகிரியைத் தாண்டிய பின் படிப்படியாக ஏற்றுவது என் வழக்கம். உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்தினால் கேபின் வேகமாகச் சூடாகும் என்பது உண்மை. ஆனால் நான்கு பேர் மூச்சும் பனி ஒட்டிய காலணிகளும் உள்ளே இருக்கும்போது மூன்றே நிமிடத்தில் கண்ணாடி மங்கிவிடும். நான் தனியாகப் போகும்போது மட்டும், அதுவும் சில நிமிடங்களே, அதைப் பயன்படுத்துகிறேன். மிதியடிக்கு அடியில் தேங்கும் பனித்தண்ணீரை வாரம் ஒருமுறை எடுத்து உலர்த்தாவிட்டால் இந்தச் சூட்சுமங்கள் எதுவும் பலிக்காது.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் ஒரு பழுதும் உடன் சேர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். டேஷ்போர்டு முள் எப்போதும் 90-இல் அசையாமல் நின்றது. ஓபிடியோ நெடுஞ்சாலையில் 74 என்றும், நீண்ட இறக்கத்தில் 63 என்றும் காட்டியது. பல கார்களில் அந்த முள் 75-க்கும் 100-க்கும் இடையே எது வந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது; ஓட்டுநர் வீணாகப் பதறக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, கோளாறையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. பிரச்சினை தெர்மோஸ்டாட், அதாவது ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு. மூடியிருக்க வேண்டிய நேரத்தில் அரைகுறையாகத் திறந்தே கிடந்ததால், சூடாக வேண்டிய கூலன்ட் முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. முதலில் காட்டிய பட்டறையில் பழைய டீசல் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது பட்டறைக்காரர், இன்ஜின் கிளம்பிய நான்காவது நிமிடத்தில் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இன்ஜினே சூடேறாத நேரத்தில் பனிபோல இருக்க வேண்டிய அந்த ஹோஸ் வெதுவெதுப்பாக இருந்தது. தெர்மோஸ்டாட்டும் புதிய கூலன்ட்டும் கூலியும் சேர்த்து 190 யூரோ செலவானது. மாற்றியபின் 88 டிகிரியில் நிலையாக நின்றது. நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் டீசலும் மிச்சமானது. டீசல் காரில் ஹீட்டர் சரியில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஓபிடியில் எவ்வளவு காட்டுகிறது?

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் ஹீட்டர் ஒன்றை 22 யூரோவுக்கு வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் துளையின் ஃபியூஸ் 15 ஆம்பியர் என்றால், அதில் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 180 வாட். கேபினைச் சூடாக்கக் கிலோவாட் கணக்கில் வேண்டியிருக்கும்போது அது விளக்குத்திரியில் சோறு ஆக்குகிற வேலை. கிரில்லுக்கு முன்னால் அட்டை கட்டிப் பார்த்ததிலும் பலன் இல்லை. தெர்மோஸ்டாட் ஒழுங்காக மூடியிருந்தால் கூலன்ட் முன்பக்கம் போகவே போகாது, அட்டை எதைத் தடுக்கும்? மாறாக, இருக்கைச் சூட்டுக்குப் போகும் வாட் ஒவ்வொன்றுக்கும் முழுப் பலன் உண்டு. நூறு வாட்டுக்குள்தான் இழுக்கிறது. இரண்டு நிமிடத்தில் முதுகு தளர்கிறது.

புதிய டீசல் கார்கள் பலவற்றில் ஹீட்டருக்குப் பின்னால் பிடிசி எனப்படும் பீங்கான் மின்சூடேற்றி இருக்கும். சக ஊழியர் ஒருவரின் காரில் அது ஒரு கிலோவாட். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து எழுபது ஆம்பியருக்கு மேல் இழுத்து, கூலன்ட்டுக்காகக் காத்திராமல் காற்றையே நேராகச் சூடாக்குகிறது. ஒன்றரை நிமிடத்தில் இளஞ்சூடான காற்று வருவதை நானே பார்த்திருக்கிறேன். பழைய டீசல் காரை வாங்கப் போகிறவர், கேட்கும் கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

என் காரில் பிடிசி இல்லை. அதற்குப் பதிலாக இருந்தது என்ன என்பதை 2019 அக்டோபரில், குளிர்கால டயர் மாற்றப் போன இடத்தில்தான் அறிந்தேன். முன் சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால், ஒரு பெரிய தெர்மாஸ் குடுவை அளவில், தனியே ஒரு சிறு புகைக்குழாயோடு ஏதோ இருந்தது. காருக்குள் டீசல் அடுப்பு இருக்கிறதே, ஏன் பயன்படுத்துவதில்லை என்று மெக்கானிக் கேட்டார். அது சூஹைட்சர், அதாவது துணை ஹீட்டர். வெளியே ஏறத்தாழ 5 டிகிரிக்குக் கீழே இருந்து, இன்ஜினும் ஓடினால், டேங்கிலிருந்து தனியாக டீசலை எடுத்து எரித்துக் கூலன்ட்டைச் சூடாக்கும். என்னுடையது எப்போதோ செத்திருந்தது. பற்றவைக்கும் குச்சி தேய்ந்து, பலமுறை பற்றாமல் போனதில், கட்டுப்பாட்டுக் கருவி தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தது. இரண்டு குளிர்காலம் நான் பட்ட பாட்டில் பாதி இதனால்தான்.

இந்த அடுப்பை, இன்ஜின் ஓடாமலே நின்ற நிலையில் எரியும் ஸ்டாண்ட்ஹைட்சுங்காக மாற்றிவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. எரிக்கும் பாகம் ஏற்கெனவே இருப்பதால், கூலன்ட்டைச் சுழற்ற ஒரு சிறு மின்பம்பு, ப்ளோயரை ஓட்டும் இணைப்பு, டைமர், ரிமோட் ஆகியவை போதும். எனக்குப் பழுதுபார்ப்பும் சேர்த்து 720 யூரோ ஆனது. ஒன்றுமே இல்லாத காரில் வெபாஸ்டோ, எபர்ஷ்பெஷர் போன்ற நிறுவனங்களின் சாதனத்தைப் புதிதாகப் பொருத்த எனக்குச் சொல்லப்பட்ட விலை இரண்டாயிரம் யூரோவை ஒட்டி இருந்தது.

அதன்பின் ஐந்து குளிர்காலங்கள். ஆறரைக்குக் கிளம்ப வேண்டுமானால் ஆறு மணிக்கு அது தானே பற்றிக்கொள்ளும். சமையலறை ஜன்னலைத் திறந்தால், தூரத்தில் விமானம் ஓடுபாதையில் நிற்பது போன்ற மெல்லிய இரைச்சலும், சக்கரத்தருகே வெண்ணிறப் புகையும் தெரியும். அரை மணி நேரத்தில் முன்கண்ணாடிப் பனி ஓரங்களிலிருந்து இளகிச் சறுக்கிக் கிடக்கும். துடைப்பானை ஒருமுறை போட்டால் போதும். மைனஸ் 8 டிகிரிக் காலையில் கதவைத் திறக்கும்போது கூலன்ட் 55 டிகிரியில் இருக்கிறது. இன்ஜின் கோடையில் கிளம்புவதுபோல் சத்தமில்லாமல் கிளம்புகிறது. 5 கிலோவாட் அடுப்பு அந்த அரை மணி நேரத்துக்கு எரிப்பது ஏறத்தாழ 0.3 லிட்டர். அதே நேரம் இன்ஜினை ஓடவிட்டிருந்தால் 0.4 லிட்டர் போயிருக்கும், சூடும் வந்திருக்காது.

இதன் பலவீனம் பேட்டரி. அடுப்பின் விசிறி, பம்பு, ப்ளோயர் மூன்றும் பேட்டரியில்தான் ஓடுகின்றன. எவ்வளவு நேரம் சூடேற்றினாயோ அவ்வளவு நேரமாவது ஓட்டு என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. 2021 ஜனவரியில் வீட்டிலிருந்தே வேலை செய்த வாரங்களில், ஆறு நிமிடம் ஓட்டும் மழலையர் பள்ளிப் பயணத்துக்காக நாள்தோறும் அரை மணி நேரம் எரியவிட்டேன். ஒன்பதாம் நாள் அடுப்பு பற்றவில்லை, இன்ஜினும் கிளம்பவில்லை. குற்றம் முழுக்க என்னுடையதே. இப்போது பெரிய பேட்டரி போட்டிருக்கிறேன். குறுகிய பயணங்கள் மிகுந்த வாரத்தில் ஞாயிறு இரவு சார்ஜரை மாட்டிவிடுகிறேன். கோடையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் எரியவிடுகிறேன்; இல்லாவிட்டால் முன்போல் கரிபிடித்துப் பூட்டிக்கொள்ளும். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையுமுன் அணைக்க வேண்டும். மூடிய கராஜில் ஒருபோதும் பற்றவைக்கக்கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும். பற்றும்போது வரும் டீசல் நாற்றம் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போவதாகப் புகார் வந்ததால், காரை இப்போது திருப்பி நிறுத்துகிறோம்.

நார்வே, பின்லாந்து பக்கம் இந்தச் சிக்கலை மின்சாரத்தால் தீர்க்கிறார்கள். பின்லாந்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்தும் இடத்திலேயே டைமரோடு கூடிய மின்கம்பங்கள் உண்டு. இன்ஜினில் ஒரு சூடேற்றி, கேபினில் ஒரு சிறு விசிறி ஹீட்டர், முன்கூட்டியே ஒரு மணி நேரம், அவ்வளவுதான். வீட்டு மின்சாரத்தைக் கார்வரை கொண்டுபோக முடிகிறவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். என் முற்றத்தில் அதற்கு வழியில்லை.

720 யூரோ அதிகமில்லையா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் சொகுசைப் பற்றியது அல்ல. குழந்தை இருக்கையின் பெல்ட்டைத் தடித்த பனிக்கோட்டுக்கு மேலாகக் கட்டக்கூடாது. மோதலின்போது பஞ்சு அமுங்கி, பெல்ட் தளர்ந்து, குழந்தை நழுவிவிடும். கோட்டைக் கழற்றச் சொல்ல வேண்டுமென்றால் கார் அதற்குமுன் சூடாக இருக்க வேண்டும். முதல் இரண்டு குளிர்காலத்தில் என் மகள் கோட்டைக் கழற்ற மறுத்து அழாத காலையே கிடையாது. இப்போது ஏறியவுடன் அவளே கழற்றி அக்காவின் மடியில் எறிந்துவிடுகிறாள்.