கன்னியா வெந்நீர்க் கிணறுகள்: யோசினைக்காரருக்கு எவ்வளவு உதவும்?

ஒருவர் ஓயாமல் யோசித்துக்கொண்டிருந்தால் திருகோணமலையில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "சும்மா யோசிக்காதீங்க." சொல்வது லேசு. பிள்ளையின் ஏ.எல். பெறுபேறு, கட்டாருக்குப் போகக் கட்டிய காசு, அடகில் இருக்கிற சங்கிலியின் வட்டி, வாடை தொடங்கினால் வள்ளம் கடலுக்கு இறங்காத நாட்கள் என்று நாளைக்கு வரவேண்டியவை எல்லாம் இன்றைக்கே வந்து வீட்டுக்குள் குந்திவிடுகின்றன. அப்படி இருக்கிறவர்களுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் உதவுமா என்பதைப் பார்ப்பதற்காகவே இந்த மதிப்பீடு. சுற்றுலா இடமாக அதைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நாளைக்கு ஓடுகிற மனத்தை இந்த நிமிடத்துக்குக் கூட்டிவர அது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வார நாளில், காலையில், ஆறுதலாகப் போனால் இந்த வேலைக்குத் திருகோணமலையில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஞாயிறு மத்தியானம் போனால் களைப்புத்தான் மிச்சம்.

ஏன் இந்த இடம்? கவலை பெரும்பாலும் தலைக்குள் நடக்கிற பேச்சு. "அப்படி நடந்தால் என்ன செய்வது, அதற்குப் பிறகு என்ன செய்வது" என்று சொல்லுக்குச் சொல் கோத்துக்கொண்டே போகும். அந்தப் பேச்சை இன்னொரு பேச்சால் அடக்க முடியாது. உடம்பில் பளிச்சென்று தெரிகிற ஒன்று வேண்டும். கடற்கரை நல்லதுதானே என்று கேட்பார்கள். டச் பே கரையில் இருந்து அலையைப் பார்ப்பது மனதுக்கு இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அலை மெல்லிய, ஒரே மாதிரியான காட்சி. பத்தாவது நிமிடத்தில் கண் கடலில் இருக்கும், மனம் வங்கிக் கடனில் இருக்கும். யோசினை கூடியவர்களுக்குக் கடற்கரை யோசிக்க வசதியான இடமாகவே ஆகிவிடுகிறது. கோணேசர் கோவிலில் பூசை மணி அடிக்கிற நேரம் மனம் கொஞ்சம் நிற்கும். மணி ஓய்ந்ததும் திரும்பவும் தொடங்கிவிடும்.

கன்னியாவில் கிணறுகள் ஏழு. சதுரமாகக் கட்டப்பட்ட, அடி தெரிகிற ஆழமற்ற கிணறுகள், மூன்று நான்கு அடிதான் இருக்கும். ஏழும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தாலும் ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறு. இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தில் ஏழு இடத்தில் குத்தி உண்டாக்கியவை என்று சொல்லிவருகிறோம். இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு இங்கே வருகிற வழக்கமும் அந்தக் கதையோடு சேர்ந்ததுதான். சூட்டுக்கு நிலத்தடியில் காரணம் உண்டு. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும். மேலே வருகிற வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் எவ்வளவு கலக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சூடு குறையும். கன்னியாத் தண்ணீர் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கிறது. உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் கூட.

இந்தச் சின்ன வித்தியாசம்தான் இங்கே பெரிய சொத்து. நம் தோல் சூட்டை அளக்கிற விதம் வெப்பமானி மாதிரி இல்லை. மாற்றம் வரும்போது பலமாகச் சொல்லும், மாறாமல் இருந்தால் அடங்கிவிடும். ஒரே வெந்நீரில் நெடுநேரம் நின்றால் சில நிமிடத்தில் சூடே தெரியாது, அந்த இடைவெளியில் யோசினை திரும்பவும் நுழையும். இங்கே ஒரு கிணற்றுக்குத் தோல் பழகுகிற நேரத்தில் அடுத்த கிணறு வந்துவிடுகிறது. இரண்டாவது கிணற்றில் இளஞ்சூடாகத் தெரிந்த தண்ணீர், ஐந்தாவதில் குளித்துவிட்டு வந்து ஊற்றினால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். தண்ணீர் அதேதான், முன்னால் ஊற்றியதைப் பொறுத்து உடம்பு வேறு கணக்குச் சொல்கிறது. இதைக் கவனிக்கத் தொடங்கினாலே ஆள் இந்த நிமிடத்துக்கு வந்துவிடுவார்.

செய்கிற முறைதான் முக்கியம். முதல் நாள் இரவே தொடங்கவேண்டும். ஒரு கொப்பியில் 15 நிமிடம், போனில் நேரம் வைத்து, மனதில் இருக்கிற எல்லா யோசினையையும் எழுதுங்கள். ஒற்றையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஏதாவது செய்யக்கூடியவை, வலப்பக்கம் நம் கையில் இல்லாதவை. இடப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளும் ஒரு சிறு வேலையும் குறியுங்கள். "அடகு வட்டி, வெள்ளிக்கிழமை, கடையில் மிச்சத் தொகையைக் கேட்க" என்ற அளவு போதும். 1983-இல் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் கவலைக்காரரிடம் செய்து பார்த்த முறை இதற்கு நெருங்கியது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணித்தியாலம் கவலைக்கென்று ஒதுக்குவது, மற்ற நேரத்தில் கவலை வந்தால் "அந்த நேரத்துக்கு வா" என்று தள்ளிவைத்துவிட்டுக் கையில் இருக்கிற வேலைக்குத் திரும்புவது. கொப்பி இல்லாமல் கன்னியாவுக்குப் போகிறவர்களுக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கும். மறந்துவிடுமோ என்ற பயத்திலேயே மனம் அதைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். எழுதிவைத்தால் பிடி கொஞ்சம் தளரும்.

நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். அந்தப் பாதையில் போகிற பஸ்ஸில் கன்னியாச் சந்தியில் இறங்கி உள்ளே நடக்கலாம், நேரே போக ஓட்டோ வசதி. நுழைவுச் சீட்டு உண்டு, சில்லறை வைத்திருங்கள். சாரம் அல்லது குறுக்குக்கட்டு, துவாய், மாற்றுடுப்பு, 5 லீற்றர் பிடிக்கிற சின்ன வாளி, தண்ணீர்ப் போத்தல். சவர்க்காரமும் ஷாம்பூவும் வீட்டிலேயே இருக்கட்டும். நுரை கிணற்றுக்கும் கேடு, கவனத்துக்கும் கேடு. போனை அணைத்துப் பையின் அடியில் வையுங்கள்.

முதலில் ஏழு கிணற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி, வாளியில் கொஞ்சம் அள்ளிக் கையை நனைத்துப் பாருங்கள். சூடு குறைந்ததாகப் படுகிற கிணற்றில் தொடங்குங்கள். கிணற்றுக்கு மூன்று வாளி. முதலாவது பாதத்துக்கும் முழங்காலுக்கும், இரண்டாவது தோளுக்கும் முதுகுக்கும், மூன்றாவது தலைக்கு. ஊற்றுகிற வேகம்தான் எல்லாம். மடமடவென்று கவிழ்த்தால் "சூடு" என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடும். வாளி விளிம்பைத் தோளில் சாய்த்து மெல்ல விடுங்கள். தண்ணீர் பிடரியைத் தொடுகிற இடத்தில் ஒரு குத்து, தோள்பட்டை எலும்பைத் தாண்டும்போது ஒரு அகலம், முதுகுத்தண்டுப் பள்ளத்தில் ஓடும்போது ஒரு கோடு, இடுப்பில் ஈரச் சாரம் திடீரென்று கனக்கிறது, அதன் பிறகு காற்றுப் பட்டு நனைந்த இடம் குளிர்கிறது. ஒரு வாளியில் இவ்வளவும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு சொல் போதும்: குத்து, இதம், கனம், குளிர். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை.

மூன்று வாளி முடிந்ததும் அடுத்த கிணற்றுக்கு ஓடவேண்டாம். நின்ற இடத்திலேயே பத்து மூச்சு எண்ணுங்கள், வெளிவிடும் மூச்சை உள்ளிழுப்பதைவிட நீளமாக விடுங்கள். ஏழு கிணற்றுக்கும் 21 வாளி, சுற்றிவர அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் எங்கேயோ அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

பிழை விடுவது எங்கே? முதலாவது பிழை, யோசினை வரக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றால் என்ன நடக்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1987-இல் வெக்னர் என்பவரின் குழு இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தது. நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அவர்களுக்குக் கூடுதலாக வந்தது. ஆகவே மூன்றாவது கிணற்றில் மகனின் விசா ஞாபகம் வந்தால் வரட்டும். "விசா" என்று பெயர் சொல்லிவிட்டு, அது கொப்பியில் இருக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, வாளியின் கைப்பிடிக்குத் திரும்புங்கள். ஒரு சுற்றில் ஐம்பது தடவை திரும்பவேண்டி வந்தாலும் ஐம்பதும் பயிற்சிதான். எத்தனை தடவை மனம் போனது என்று கணக்கு வைத்து நொந்துகொள்கிறவர்கள் இரண்டாம் தடவை வரமாட்டார்கள்.

இன்னொன்று, எது கூடச் சூடு என்று போட்டி வைப்பது. குடும்பமாக வந்தால் இது தவிர்க்க முடியாதது, அது சந்தோசமான விளையாட்டும்கூட. ஆனால் அது வேறு வேலை. இந்தப் பயிற்சிக்குத் தனியாக வாருங்கள், அல்லது பேசாமல் இருக்கச் சம்மதிக்கிற ஒருவரோடு வாருங்கள்.

அந்தியேட்டிக்கு வந்திருக்கிற குடும்பத்தைக் கண்டால் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிடுங்கள். பயிற்சியை நிறுத்தினாலும் நட்டமில்லை. கிணறுகளை ஒட்டிய பிள்ளையார் கோவில் நிலம் பற்றிய பிணக்கு இங்கே வருகிற தமிழர் மனதில் இருக்கும், உள்ளே நுழையும்போதே அந்த வருத்தம் எழும். அது நியாயமான வருத்தம். அதையும் வந்ததாகப் பெயர் சொல்லிவிட்டுக் குளிக்கலாம், அதற்கான பேச்சுக்கு வேறு நேரமும் இடமும் உண்டு.

காலநிலை பற்றி ஒரு வார்த்தை. மாரியில், மழைக் குளிர் இருக்கிற காலையில், இந்தத் தண்ணீரின் அருமை முழுதாகத் தெரியும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வெளிச் சூடே தண்ணீருக்குக் கிட்டவாக வந்துவிடும், கிணற்றுக்குக் கிணறு வித்தியாசம் பிடிபடாது. அந்த மாதங்களில் விடிந்த கையோடு போகவேண்டும், பத்து மணிக்குப் பிறகு பிரயோசனம் குறைவு. சனி ஞாயிறும் பாடசாலை விடுமுறையும் சுற்றுலா பஸ்கள் வருகிற நாட்கள். ஒரு கிணற்றடியில் பத்துப் பேர் நின்றால் மூன்று வாளி ஆறுதலாக ஊற்ற யாரும் விடமாட்டார்கள், அவர்களில் பிழையும் இல்லை.

உடம்பு விசயத்தில் கவனம் தேவை. வெந்நீர் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கும், பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். பிரஷர் குளிசை எடுக்கிறவர்கள், இதய நோயாளர், கர்ப்பிணிகள் டொக்டரைக் கேட்டுவிட்டுப் போகவேண்டும். நீரிழிவால் பாதம் விறைத்தவர்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது, முழங்கையை வைத்துப் பார்த்துத்தான் ஊற்றவேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சுற்றினால் உடனே இருந்துவிடுங்கள். நிலம் ஈரம், வழுக்கும். தோல் நோய் மாறும் என்று சொல்லிக் கூட்டிவருகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நம்பி மருந்தை நிறுத்தவேண்டாம்.

கன்னியாவால் முடியாததையும் சொல்லவேண்டும். கடனை அது குறைக்காது. திரும்பி வருகிற பஸ்ஸிலேயே யோசினை தொடங்கலாம், அதனால் குளித்தது வீண் என்றாகாது. நாளைக்கு ஓடிப்போன மனத்தை எப்படித் திருப்பிக் கூட்டிவருவது என்று உடம்புக்குப் பழக்குவதே அங்கே நடந்தது. அந்தப் பழக்கம் கூடக்கூட வீட்டிலும் கைகொடுக்கும். ஆனால் மாதக்கணக்காக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, உயிரை விட்டால் என்ன என்று தோன்றுகிறது என்றால் இது கிணற்றடியில் தீர்கிற விசயமே இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாதத்துக்கு இரண்டு தடவை கன்னியா போதும். இடைப்பட்ட நாட்களுக்கு வீட்டிலேயே மூன்று வாளி வைத்துச் செய்யலாம். ஒன்றில் வெறும் குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் 8 லீற்றர் குழாய்த் தண்ணீருக்கு 1 லீற்றர் கொதிநீர், இது உடம்புச் சூட்டளவுக்கு வரும். மூன்றாவதில் 5 லீற்றருக்கு 1 லீற்றர் கொதிநீர், கன்னியாவுக்குக் கிட்ட, 40 பாகையை ஒட்டி நிற்கும். எப்போதும் குழாய்த் தண்ணீரை முதலில் நிரப்பி, அதற்குமேல் கொதிநீரை விட்டு நன்றாகக் கலக்குங்கள். கலக்காவிட்டால் மேல் தண்ணீர் சுடும், அடித் தண்ணீர் பச்சையாகவே கிடக்கும். முழங்கையை வைத்துப் பார்த்த பிறகு ஒரு கோப்பையால் மாறிமாறி அள்ளி, தோளில் மெல்ல விடுங்கள்.